எரிசக்தித் துறையைத் திறந்துவிட்டால் மின்சாரம் மலிவாகுமா?

கேள்வி:
எரிசக்திச் சீர்திருத்தம் என்றால், அரசு நிறுவனத்தின் ஏகபோகத்தை நீக்கி, மின் உற்பத்தி, கடத்தல், விநியோகம் ஆகியவற்றைத் தனித்தனியே பிரித்து, தனியார் முதலீட்டுக்கு இடமளிப்பதையே பெரும்பாலும் குறிக்கிறோம். 1982-இல் சிலியும் 1990-இல் பிரிட்டனும் இவ்வழியில் சென்றன. போட்டி வந்தால் விலை குறையும், விலை குறைந்தால் தொழில் வளரும் என்பது பாடநூல் கணக்கு. அப்படியானால், கலிபோர்னியாவில் இதே சீர்திருத்தம் மின்வெட்டில் போய் நின்றது ஏன்?

பதில் 1:
இரண்டும் ஒரே சீர்திருத்தம் அல்ல என்பதே என் கருத்து. 1996-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1998-இல் செயல்படத் தொடங்கிய கலிபோர்னியச் சந்தையில், விநியோக நிறுவனங்கள் தங்கள் அனல்மின் நிலையங்களில் பெரும்பாலானவற்றை விற்றுவிட்டு, மின்சாரத்தை அன்றாடச் சந்தையில் வாங்க வேண்டியிருந்தது. நீண்டகால ஒப்பந்தங்களுக்கு ஏறத்தாழ இடமே இல்லை. வாங்கும் விலை சந்தையோடு ஏறியது; மக்களிடம் வசூலிக்கும் கட்டணமோ உயர்த்த முடியாதபடி முடக்கப்பட்டிருந்தது.

அந்தச் சந்தை நடந்த விதத்தையும் பார்க்க வேண்டும். ஒவ்வொரு மணி நேரத்துக்கும், குறைந்த விலை கேட்ட நிலையத்தில் தொடங்கி, தேவை நிறையும் வரை அடுக்கிக்கொண்டே போவார்கள். கடைசியாகச் சேர்ந்த நிலையம் கேட்ட விலையே எல்லோருக்கும் கிடைக்கும். தேவை உச்சத்தில் இருக்கும் மாலை நேரத்தில், பல நிலையங்களை வைத்திருப்பவர் பராமரிப்பு என்று சொல்லி ஓர் அலகை நிறுத்தினால், அவருடைய மற்ற அலகுகளுக்குக் கிடைக்கும் விலை ஏறிவிடும். 2000-இல் வடமேற்கு மாநிலங்களில் நீர்வரத்து குறைந்து புனல்மின்சாரமும் சுருங்கியபோது இந்த ஓட்டை முழுதாக வெளிப்பட்டது. கட்டண முடக்கம் முன்பே நீங்கியிருந்த சான் டியேகோவில் வீட்டு மின்கட்டணம் இரு மடங்கைத் தாண்டியது. முடக்கம் நீடித்த பகுதியின் பெரிய மின் விநியோக நிறுவனமான பி.ஜி. அண்ட் ஈ. 2001 ஏப்ரலில் திவால் மனு அளித்தது. மொத்த விலையைத் திறந்து சில்லறை விலையைப் பூட்டினால், இடையில் நிற்பவர் நசுங்குவார். அதற்குப் போட்டியைக் குறைசொல்லிப் பயனில்லை.

பதில் 2:
ஒப்புக்கொள்கிறேன். ஆனால், சந்தையின் வடிவமைப்பைவிட விதிகள் எவ்வளவு காலம் நிலைக்கும் என்பதே எனக்குப் பெரிய கேள்வியாகப் படுகிறது. இருபத்தைந்து ஆண்டுகள் ஓடவேண்டிய மின்நிலையத்துக்கு ஆறு ஆண்டு ஆட்சிக்காலம் மிகக் குறுகியது. மெக்சிகோவைப் பாருங்கள். 1938-இல் நாட்டுடைமையான எண்ணெய்த் துறையோடு மின்துறையையும் 2013 டிசம்பரில் அரசமைப்பையே திருத்தித் தனியாருக்குத் திறந்தார்கள். 2017 நவம்பரில் நடந்த மூன்றாவது மின் ஏலத்தில் சூரியசக்தியும் காற்றாலையும் சராசரியாக மெகாவாட்-மணிக்கு (அதாவது 1,000 யூனிட்டுக்கு) ஏறத்தாழ 20 டாலருக்கு வந்தன. அன்றைய உலக அளவில் அது மிகக் குறைந்த விலைகளுள் ஒன்று. ஆட்சி மாறியதும் 2019 தொடக்கத்தில் நான்காவது ஏலம் ரத்தானது. 2024-இல் அரசமைப்பு மீண்டும் திருத்தப்பட்டு, அரசு நிறுவனங்களுக்கு முன்னுரிமை திரும்பியது.

எண்ணெயிலோ, 2018-க்குள் நாளொன்றுக்கு 30 லட்சம் பீப்பாய் என்று வாக்குறுதி அளித்தார்கள். கிடைத்தது 20 லட்சத்துக்கும் குறைவு. புதிய வயலைக் கண்டுபிடித்து எண்ணெய் எடுக்கப் பத்தாண்டுகள்கூட ஆகலாம் என்பதைத் துறையில் இருப்பவர்கள் அறிவார்கள். வாக்குறுதி அளித்தவர்களும் அறிந்திருப்பார்கள் என்றே நினைக்கிறேன்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. மின்சாரத்தை ஒதுக்கிவிட்டு, எரிபொருள் மானியத்தைக் குறைப்பது பொருளாதாரத்தை எப்படிப் பாதிக்கிறது என்றும் யாராவது விளக்க முடியுமா?

பதில் 3:
முதலில் தொடுவது டீசல் வழியாகத்தான். சரக்கு வண்டிச் செலவு ஏறினால் சில வாரங்களிலேயே உணவுப்பொருள் விலை ஏறும். அரசின் கையில் மிஞ்சும் மானியப் பணம் மக்களுக்குப் பயன்படுவதோ மெதுவாகவே நடக்கும். 2012 ஜனவரியில் நைஜீரியாவிலும் 2017 ஜனவரியில் மெக்சிகோவிலும் மக்கள் தெருவுக்கு வந்தது இந்த இடைவெளியில்தான்.

ஈரான் 2010-இல் வரிசையை மாற்றிப் பார்த்தது. விலையை உயர்த்துவதற்கு முன்பே ஒவ்வொருவருக்கும் மாதம் 4,55,000 ரியால் வீதம் குடும்பத்தின் வங்கிக் கணக்கில் போட்டார்கள். கணக்கில் பணம் தெரியும், ஆனால் விலை உயரும் நாள்வரை எடுக்க முடியாது. டிசம்பரில் பங்கீட்டு பெட்ரோல் லிட்டர் 1,000 ரியாலிலிருந்து 4,000 ரியாலுக்கு ஏறியபோதும் பெரிய கலவரம் எழவில்லை. ஆனால் அந்தத் தொகை மாறாமலே இருந்ததால், பணவீக்கம் அதைச் சில ஆண்டுகளில் தின்றுவிட்டது. விலை உயர்வால் கிடைத்த வருவாயில் தொழிற்சாலைகளுக்கென்று சட்டம் ஒதுக்கிய பங்கும் பெரும்பாலும் அவற்றின் கைக்கு வரவில்லை. அவை உயர்ந்த எரிபொருள் செலவை மட்டும் சுமந்தன.