ஆடிட்டரிடம் போன அனுபவம்: உங்கள் மனதை விட்டுப் போகாதது எது?

தறிக்காரர், ஈரோடு

நூல்காரருக்குக் கொடுத்த செக் திரும்பிவிட்டது. கணக்கில் பணம் இருக்கிறது. வங்கிக்குப் போய்க் கேட்டால், கணக்கை முடக்கச் சொல்லி ஜிஎஸ்டி ஆபீஸிலிருந்து கடிதம் வந்திருக்கிறது என்கிறார்கள். 2017-18க்கு வரி 1,92,000 ரூபாய், அதன் மேல் வட்டி, 10 சதவீத அபராதம். வரி கட்டச் சொல்லி ஆர்டர் போட்டது 2023 டிசம்பரில். எனக்குத் தெரிய வந்தது 2024 ஜூலையில்.

நேராக ஆடிட்டரிடம் ஓடினேன். விற்பனை வரி காலத்திலிருந்தே, அப்பா இருந்தபோதே, எங்கள் கணக்கைப் பார்க்கிறவர். "ஒண்ணும் வரலீங்களே தம்பி" என்று சொல்லிக்கொண்டே போனை எடுத்து மெயிலைத் தள்ளினார். திறக்காத மெயில்கள் கறுப்பு எழுத்தில் போய்க்கொண்டே இருந்தன. கட்டைவிரல் ஓர் இடத்தில் நின்றது. அப்புறம் அவர் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஜிஎஸ்டி வந்த புதிதில் பதிவு செய்தபோது எனக்கு மெயில் கிடையாது. அவருடைய மெயிலையும் போன் எண்ணையுமே கொடுத்திருந்தார். நோட்டீஸ், நினைவூட்டல், ஆர்டர் எல்லாம் அங்கேதான் போயிருக்கின்றன. ஜிஎஸ்டி போர்டலிலும் 'அடிஷனல் நோட்டீஸ்' என்று தனியாக இருக்கிற மூலையில் கிடந்தன. அப்பீலுக்கு மூன்று மாதம், தாமதத்துக்குக் காரணம் சொன்னால் இன்னும் ஒரு மாதம், இரண்டும் தாண்டிவிட்டன. சென்னை ஹைகோர்ட் வரை போய், வரியில் 10 சதவீதம் கட்டிய பிறகுதான் மறுபடி விசாரிக்க உத்தரவு வாங்கினோம்.

தூக்கம் வராததற்குக் காரணம் வேறு. பிரச்சினை என்னவென்றால், நூல் விற்றவர் அந்த வருடம் தன் ரிட்டர்னில் என் பில்களைக் காட்டவில்லை. அதனால் நூல் வாங்கியபோது நான் கொடுத்த வரியை என் வரியில் கழித்துக்கொண்டது, அதாவது கிரெடிட், செல்லாது என்றுவிட்டார்கள். அந்த ஆண்டுக்கு, ஒரு சப்ளையரிடம் வித்தியாசம் 5 லட்சத்துக்குள் என்றால் அவர் கையெழுத்துப் போட்ட சான்று ஒன்றே போதும் என்று 2022 டிசம்பரிலேயே சுற்றறிக்கை வந்துவிட்டது. அந்த நூல்காரர் வீடு எங்கள் பட்டறையிலிருந்து இரண்டு தெரு.

காலண்டர் அச்சகம், சிவகாசி

என்னுடையது நல்ல அனுபவம். பக்கத்து அச்சகக்காரர் காம்போசிஷன் என்ற எளிய ஜிஎஸ்டி திட்டத்துக்கு மாறிவிட்டார்: விற்றுமுதல் ஒன்றரைக் கோடிக்குள் இருந்தால் 1 சதவீதம் கட்டினால் போதும், ரிட்டர்ன் வேலையும் குறைவு. நானும் மாறுகிறேன் என்று ஆடிட்டர் அம்மாவிடம் போனேன். விண்ணப்பத்தைத் திறந்தும் விட்டார்கள். திடீரென்று மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டு, "லாரி எங்கெல்லாம் போகுதுண்ணே?" என்றார்கள்.

"மதுரை, தேனி, கொல்லம்."

"அப்ப கொல்லத்துக்கு அனுப்புறத நிறுத்திருவீகளா?"

காம்போசிஷனில் இருப்பவர் வேறு மாநிலத்துக்குச் சரக்கு விற்க முடியாது. எனக்குப் பாதி வியாபாரம் கேரளாதான். அந்த ஒரு கேள்வியை அவர்கள் கேட்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஒவ்வொரு ஆடிப்பெருக்குக்கும், புது காலண்டர் ஆல்பம் போடும்போது நினைத்துக்கொள்வேன்.

கணக்குப்பிள்ளை, மதுரை

ஈரோட்டு அண்ணனுக்கு. தப்பு முழுவதும் ஆடிட்டருடையதா? நான் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் ஒன்பது வருடமாக இருக்கிறேன். போன மாதம் 19-ஆம் தேதி சாயங்காலம் ஒரு ஓட்டல்காரர் மஞ்சள்பையைக் கொண்டுவந்து மேசையில் கவிழ்த்தார். ஒரு மாதத்துப் பில்கள். பாதி தெர்மல் பேப்பர், அடுப்புப் பக்கம் வைத்திருந்ததால் முழுக்கக் கறுத்துப்போயிருந்தது. மறுநாள் மாத ரிட்டர்னான 3பி-க்குக் கடைசி நாள். ட்யூப்லைட்டுக்கு நேரே ஒவ்வொன்றாகப் பிடித்து எண்ணைத் தேடினேன்.

அதனால் எல்லோருக்கும் சொல்கிறேன். போர்டல் யூசர்நேமும் பாஸ்வேர்டும் உங்கள் கையில் இருக்கட்டும். எண்ணும் மெயிலும் உங்களுடையது இல்லையென்றால் இன்றே மாற்றுங்கள். கையெழுத்து அதிகாரம் உள்ளவர் விவரத்தில் போய்த் திருத்தினால் புது எண்ணுக்கும் மெயிலுக்கும் ஓடிபி வரும், அதற்கு ஆபீஸர் அனுமதி தேவையில்லை. வாரம் ஒருமுறை அந்த அடிஷனல் நோட்டீஸ் பக்கத்தைத் திறந்து பாருங்கள். 14-ஆம் தேதி 2பி, அதாவது சப்ளையர்கள் காட்டிய உங்கள் பில்களின் பட்டியல், வந்ததும் உங்கள் கொள்முதல் பில்லோடு ஒப்பிட்டு, வராத பில்லுக்கு அன்றைக்கே சப்ளையருக்குப் போன் போடுங்கள். சப்ளையருக்கு 180 நாளுக்குள் பணம் கொடுக்காவிட்டால் எடுத்த கிரெடிட்டைத் திருப்ப வேண்டும், இதுவும் பலருக்குத் தெரியாது. வருமான வரியில் விற்றுமுதலில் ஒரு குறிப்பிட்ட சதவீதத்தை லாபமாகக் காட்டுகிற, 44ஏடி என்று நாம் கூப்பிடுகிற முறையில் இருப்பவர்கள் இடையில் வெளியே வந்தால் அடுத்த ஐந்து வருடம் திரும்ப நுழைய முடியாது, ஒரு வருடம் லாபம் குறைந்தது என்று அவசரப்படாதீர்கள். இன்னொன்று, நம் ஊரில் வரிக்கணக்குப் பார்க்கிற எல்லோரையும் ஆடிட்டர் என்றே கூப்பிடுகிறோம். அவர் சிஏவா (பட்டயக் கணக்காளர்), ஜிஎஸ்டி பிராக்டிஷனரா என்று முதலிலேயே கேளுங்கள். கேட்பதில் மரியாதைக்குறைவு ஒன்றும் இல்லை.

தறிக்காரர், ஈரோடு

தம்பி, எண்ணை மாற்றி ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. நான் பில்லை ஒருநாளும் 19-ஆம் தேதி கொடுத்ததில்லை, 5-ஆம் தேதிக்குள் டேலியில் ஏற்றியே அனுப்பினேன். மாதம் 1,500 கொடுத்தேன். கூடக் கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன். வந்த மெயிலை எனக்கு அனுப்பிவிடுவதற்கு எத்தனை பேர் வேண்டும்? அவர் கெட்டவர் என்று நான் எங்கும் எழுதவில்லை. அப்பா காரியத்துக்கு முதலில் வந்து நின்றவர் அவர். அதனால்தான் ஆறவில்லை.

மளிகைக்கடை, தூத்துக்குடி

போன் எண் பற்றிப் பேசுகிறீர்கள், அதனால் எழுதுகிறேன். என் வீட்டுக்காரர் இறந்து நான்கு மாதம் கடை பூட்டியே கிடந்தது. ரிட்டர்ன் போட வேண்டும் என்பதே எனக்குத் தெரியாது. ஆடிட்டர் ஸார் தானாகவே வீட்டுக்கு வந்தார். வியாபாரம் இல்லாத மாதத்துக்கும் 'நில்' ரிட்டர்ன் போட்டாக வேண்டும், தாமதக் கட்டணம் நாளுக்கு 20 ரூபாய், ஆனால் ஒரு ரிட்டர்னுக்கு 500-க்கு மேல் போகாது, பயப்படாதீங்கம்மா என்றார். அதைப் போட்டு முடித்து, என் பெயரில் புதிதாகப் பதிவு எடுத்து, கிரெடிட்டில் மீதி இருப்பதையும் அதற்கு மாற்றிக்கொண்டு, வீட்டுக்காரர் பெயரில் இருந்த பதிவை ரத்து செய்யலாம் என்று பொறுமையாகச் சொன்னார்.

லேப்டாப்பைத் திறந்தார். "ஓடிபி வந்திருக்கும், சொல்லுங்கம்மா" என்றவர், சட்டென்று பேச்சை நிறுத்திவிட்டார். எண் யாருடையது என்று அவருக்கு அப்போதுதான் உறைத்திருக்கிறது.

நான் எழுந்து போய் அலமாரியிலிருந்து போனை எடுத்துவந்தேன். தினமும் சார்ஜ் போட்டு வைத்திருந்தேன். ரீசார்ஜும் விடாமல் செய்திருந்தேன். ஏன் என்று பிள்ளைகள் கேட்டபோது பதில் சொல்லத் தெரியவில்லை. ஆறு எண்களையும் ஒவ்வொன்றாகப் படித்துச் சொன்னேன். அவர் மெதுவாக அடித்தார்.