பதில்: டயாலிசிஸ் இயந்திரத்தில் ‘பைபாஸ்’ – ‘மடைமாற்று’ சரியா?

குழுவினருக்கு வணக்கம்.

பைபாஸுக்குத் தமிழ்ச் சொல் கேட்டு நான் எழுதியதற்கு இவ்வளவு பதில்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. எல்லாருக்கும் நன்றி. இயந்திரத்துக்குள் அது என்ன வேலை செய்கிறது என்று தெரியாமல் எப்படிச் சொல் தருவது என்று சிலர் கேட்டிருந்தீர்கள். நியாயமான கேள்வி. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

டயாலிசிஸ் இயந்திரப் பழுதுபார்ப்புப் பயிற்சிக்கு வருபவர்கள் ஐடிஐ, டிப்ளமோ முடித்த பிள்ளைகள். மோட்டார், ரிலே, சோலனாய்டு வால்வு (மின்சாரத்தால் திறந்து மூடும் வால்வு) எல்லாம் கையாண்டிருப்பார்கள். சிறுநீரகம் பற்றிப் பள்ளியில் படித்ததோடு சரி. வகுப்பு தொடங்கும் முன் வீட்டிலேயே படித்துவிட்டு வர ஒரு சின்னக் கையேடு தயார் செய்கிறேன். இயந்திரத்தோடு வரும் பராமரிப்பு நூல் ஆங்கிலத்தில் இருக்கும். அதைப் பிரித்துப் பார்க்கும் முன்னால் தமிழில் ஒருமுறை புரிந்துவிட்டால் பாதி பயம் போய்விடும்.

இனி இயந்திரத்துக்கு வருவோம். டயலைசர் என்ற உருளைக்குள் முடியைப் போன்ற நுண்குழல் இழைகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. இழைக்குள் ரத்தம் போகும். இழைக்கு வெளியே எதிர்த்திசையில் டயாலிசிஸ் கரைசல் போகும். அந்தக் கரைசலை இயந்திரம் தானே அந்தந்த நிமிடத்தில் கலக்கிக்கொள்கிறது: ஏ கேனிலிருந்து அமிலக் கரைசல், பி கேனிலிருந்து பைகார்பனேட், மீதி ஆர்.ஓ. (எதிர்ச் சவ்வூடு பரவல் முறையில் சுத்திகரித்த) தண்ணீர். பரவலாகப் புழங்கும் ஒரு விகிதம் 1 : 1.83 : 34. நிமிடத்துக்கு 500 மில்லி ஓடினால், 4 மணி நேரச் சிகிச்சையில் 120 லிட்டர் கரைசல் நோயாளியின் ரத்தத்துக்குப் பக்கத்தில், ஒரு மெல்லிய சவ்வுக்கு அந்தப்புறம், ஓடிப்போகிறது. கலவை சரியா என்பதைக் கடத்துதிறனை, அதாவது கரைசல் எவ்வளவு மின்சாரம் கடத்துகிறது என்பதை, வைத்து இயந்திரம் கணிக்கிறது. சென்டிமீட்டருக்கு 14 மில்லிசீமென்ஸ் அளவில் இருக்க வேண்டும். வெப்பநிலை 37 டிகிரியை ஒட்டி அல்லது சற்றுக் கீழே.

பி கேன் காலியாகிவிட்டது என்று வையுங்கள். கடத்துதிறன் சரிகிறது. உப்பு குறைந்த அந்தக் கரைசல் டயலைசருக்குள் போனால் சிவப்பணுக்கள் உப்பி உடையும். கரைசல் மிகையாகச் சூடானாலும் உடையும். அதனால் அளவு எல்லை தாண்டிய உடனே டயலைசருக்குப் போகும் வழியை ஒரு வால்வு அடைக்கிறது, இன்னொரு வால்வு திறக்கிறது, கரைசல் டயலைசரைத் தொடாமல் நேராகக் கழிவுக் குழாய்க்குப் போய்விடுகிறது. இதுதான் பைபாஸ்.

இதில் பிள்ளைகள் மனதில் பதிய வேண்டியது இரண்டு. ஒன்று, பைபாஸில் ரத்தப் பம்பு நிற்பதில்லை. ரத்தம் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். அடுத்தது, ரத்தம் சுற்றினாலும் சுத்தமாவதில்லை. பம்பு ஓடுகிறதே என்று அரை மணி நேரம் விட்டுவிட்டால் நோயாளிக்கு அரை மணி நேரச் சிகிச்சை போயிற்று. காற்றுக்குமிழி எச்சரிக்கை இதற்கு நேர்மாறு: அங்கே ரத்தப் பம்பே நின்று, நோயாளிக்குத் திரும்பும் குழாயைக் கவ்வி இறுக்கி அடைத்துவிடும். கரைசல் பக்கக் காப்பு வேறு, ரத்தப் பக்கக் காப்பு வேறு. நாம் வைக்கும் சொல் இந்த வேறுபாட்டைக் குழப்பக் கூடாது. இனி உங்கள் யோசனைகள்.

> ‘புறவழி’ என்றே வைக்கலாமே. புறவழிச்சாலை எல்லோருக்கும் பழகிய சொல்.

ஐயா, பழகிய சொல் என்பது உண்மை. ஆனால் புறவழிச்சாலையில் போகும் வண்டி ஊரைச் சுற்றிக்கொண்டு போனாலும் போக வேண்டிய இடத்துக்குப் போய்விடுகிறது. இதய பைபாஸிலும் அப்படித்தான், அடைப்பைச் சுற்றிப் போய் ரத்தம் இதயத் தசைக்கே சேர்கிறது. இங்கே கரைசல் சேர வேண்டிய இடமே டயலைசர்தான், அங்கே அது போகவே கூடாது. ‘புறவழி’ என்று படிக்கும் பையன், இயந்திரம் மாற்றுப் பாதையில் சிகிச்சையைத் தொடர்கிறது என்று நினைத்துக்கொள்ள இடம் இருக்கிறது. எனக்கு அதுதான் பயம்.

> கழிவுக்குத்தானே போகிறது? ‘கழிவோட்டம்’.

எல்லாம் ஒழுங்காக இருக்கும்போதும் டயலைசரிலிருந்து வெளிவரும் கரைசல் கழிவுக்குத்தான் போகிறது. இரண்டுக்கும் ஒரே பெயர் வந்துவிடும். இது வேண்டாம்.

> எங்கள் பக்கம் வயலில் ‘மடை மாத்துறது’ என்போம். ஒரு மடையை அடைத்து இன்னொன்றைத் திறப்பது. ‘மடைமாற்று’ பொருந்துமா பாருங்கள்.

அக்கா, இதைப் படித்ததும் சோலனாய்டு வால்வுகளின் படத்தை எடுத்து வைத்துப் பார்த்தேன். ஒன்று அடைபடுகிறது, ஒன்று திறக்கிறது, தண்ணீர் வேறு பக்கம் திரும்புகிறது. நீங்கள் சொன்ன வேலையேதான். வால்வுக்கு ‘மடைமாற்று வால்வு’ என்று பெயர் வைத்தால் அது எங்கே இருக்கிறது, என்ன செய்யும் என்பது பெயரிலேயே தெரிகிறது. இன்னொரு நன்மையும் இருக்கிறது, எனக்கு அதுவே பெரிதாகப் படுகிறது. இந்தச் சொல் வினையாகவும் வரும். ‘மிஷின் மடை மாறிடுச்சு’ என்று செவிலியர் போனில் சொல்லலாம். ‘ஏன் மடை மாறியது?’ என்று கேட்டுக்கொண்டே பழுது தேடலாம். பெயராக மட்டும் நிற்கும் கலைச்சொற்கள் ஏட்டோடு நின்றுவிடுகின்றன, வேலைத்தளத்தில் யாரும் அவற்றை வாயில் எடுப்பதில்லை.

‘நிதி மடைமாற்றம்’ என்று செய்தித்தாள்களில் வருவதால் சொல்லுக்குக் கெட்ட பெயர் இருக்கிறது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். ஒன்றுக்கென வைத்த பணத்தை வேறொன்றுக்குத் திருப்புவது அங்கே குற்றம். தப்பான கரைசலை நோயாளியிடமிருந்து திருப்புவது இங்கே காப்பு. திருப்புதல் என்ற பொருள் இரண்டிலும் ஒன்றுதான், எனக்கு இது தடையாகத் தெரியவில்லை.

ஆனால் திரையில் ஆங்கிலத்தில் பைபாஸ் என்றுதான் வரும். அதை மறைத்துவிட்டுத் தமிழ்ச் சொல்லை மட்டும் சொல்லிக்கொடுத்தால் இயந்திரத்தின் முன் நிற்கும்போது பிள்ளை தடுமாறும். ‘திரையில் பைபாஸ் என்று வந்தால் இயந்திரம் மடை மாறியிருக்கிறது’ என்று முதல் இடத்திலேயே எழுதிவிடுகிறேன். அப்புறம் காரணங்கள்: கேன் காலி, உறிஞ்சு குழாயின் வடிகட்டி அடைப்பு, கலக்கும் பம்பு தேய்மானம், பைகார்பனேட்டால் படிந்த சுண்ணப் படிவு, தண்ணீர் அழுத்தக் குறைவு, கடைசியாக உணரியே அழுக்கேறிக் கிடப்பது. எச்சரிக்கை எல்லையை அகலப்படுத்தி மடைமாற்றை நிறுத்துவது கூடவே கூடாது. அளவுத்திருத்தம் செய்யும் முன் தனியாக ஒரு கடத்துதிறன் மானியால் கரைசலை அளந்து பார்க்க வேண்டும். இயந்திரம் காட்டும் எண்ணை நம்பி அதே இயந்திரத்தைத் திருத்தினால் பிழையை நாமே உறுதிப்படுத்தியதாகிவிடும்.

> ‘பிளட் லீக் டிடெக்டர்’ – குருதிக் கசிவு உணரி.

இதில் எனக்கு ஒரு திருத்தம் உண்டு. பெரிய விஷயம் என்பதால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். இந்த உணரி பார்ப்பது ஒன்றே ஒன்றை: டயலைசருக்குள் இழை கிழிந்து ரத்தம் கரைசலில் கலக்கிறதா என்பதை. வெளியேறும் கரைசலின் ஊடாக ஒளியைச் செலுத்தி அது எவ்வளவு குறைகிறது என்று அளக்கிறது. நோயாளியின் கையிலிருந்து ஊசி நழுவி ரத்தம் மெத்தையில் கொட்டினால் இந்த உணரிக்கு ஒன்றும் தெரியாது. அப்போது திரும்பும் குழாயின் அழுத்தம் எல்லை தாண்டிக் குறைந்தால் வேறொரு எச்சரிக்கை வரும். போதிய அளவு குறையாவிட்டால் அதுவும் வராது. ‘குருதிக் கசிவு உணரி’ என்று பெயர் வைத்துவிட்டால், எந்தக் கசிவானாலும் இயந்திரம் பார்த்துக்கொள்ளும் என்ற நம்பிக்கை வந்துவிடும். ஆங்கிலப் பெயரிலும் அதே குறை இருக்கிறது, நாமும் அதைச் சுமக்க வேண்டியதில்லை. ‘இழைக்கசிவு உணரி’ என்று வைப்போம். கரைசலில் காற்றுக்குமிழி வந்தாலும், ஒளி போகும் கண்ணாடியில் படிவு இருந்தாலும் இது பொய்யாகக் கத்தும் என்பதையும் பக்கத்திலேயே எழுதுகிறேன்.

> டிஎம்பிக்கு (டிரான்ஸ்மெம்பிரேன் பிரஷர்) ‘சவ்வுக் குறுக்கழுத்தம்’?

‘சவ்வழுத்த வேறுபாடு’ என்பது என் விருப்பம். இது டயலைசர் சவ்வின் இரண்டு பக்க அழுத்தங்களின் கழித்தல். ‘வேறுபாடு’ என்று பெயரில் இருந்தால், எண் தப்பாக வரும்போது ரத்தப் பக்க உணரி, கரைசல் பக்க உணரி இரண்டையும் பார்க்க வேண்டும் என்று கை தானாகப் போகும்.

> இலங்கையில் ‘பிரசாரணம்’, தமிழ்நாட்டில் ‘சவ்வூடு பரவல்’. கையேட்டில் எது?

ஆர்.ஓ. தண்ணீரைச் சொல்லும்போதுதான் இந்தச் சொல் வருகிறது; ஒரு அடைப்புக்குறிக்குள் இரண்டையும் தந்துவிட்டு மற்ற இடங்களில் ஆர்.ஓ. என்றே எழுதுகிறேன். தண்ணீர் நிலையத்தின் கதவில் அப்படித்தான் எழுதியிருக்கிறது. டயாலிசிஸையும் அப்படியே விடுகிறேன். அதற்குத் தமிழில் உள்ள ‘கூழ்மப்பிரிப்பு’ என்ற சொல் தவறில்லை. 1861-இல் தாமஸ் கிரஹாம் கூழ்மங்களிலிருந்து மற்றவற்றைப் பிரித்த வேதியியலுக்கு அது மிகவும் பொருந்துகிறது. ஆனால் வாரம் மூன்று நாள் மருத்துவமனைக்குப் போய்வரும் குடும்பங்கள் டயாலிசிஸ் என்றுதான் சொல்கின்றன, பழுது பார்ப்பவரும் அவர்களிடம் அதையே பேச வேண்டும்.

இன்னும் ஒரு சொல் மிச்சம்: ‘பிரைமிங்’. ரத்தம் ஏற்றும் முன் குழாய்களையும் டயலைசரையும் உப்புநீரால் நிரப்பிக் காற்றை வெளியேற்றுவது. ‘காற்றகற்றல்’ என்று வைக்க முடியாது, ஏனென்றால் இயந்திரத்துக்குள் தண்ணீரில் கரைந்திருக்கும் காற்றை உறிஞ்சி எடுக்கும் பகுதி தனியாக இருக்கிறது, அந்தப் பெயர் அதற்கு வேண்டும். ‘முன்னிரப்பல்’ என்று எழுதி வைத்திருக்கிறேன். ‘முன்னிரப்பினியா?’ என்று கேட்டால் நாக்கு இடறுகிறது. இதைவிட நல்லது இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள். மடைமாற்று, இழைக்கசிவு உணரி இரண்டுக்கும் மறுப்பு இருந்தாலும் அதற்குள் சொல்லிவிடுங்கள், திங்கட்கிழமை கையேடு அச்சுக்குப் போகிறது.

அன்புடன்.