கிப்சனா, எபிபோனா? வன்னி மேடைக்கு எது?

பரந்தன் தம்பி: எங்கள் இசைக்குழு கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் கலியாண மண்டபங்களிலும் கோயில் திருவிழாக்களிலும் வாசிக்கிறது. ரொறன்ரோவில் இருக்கும் பெரியப்பா லெஸ் போல் என்ற வகை மின்கிற்றார் ஒன்று வாங்கித் தருவதாகச் சொல்கிறார். கிப்சன் ஸ்டாண்டர்ட் 2,500 அமெரிக்க டொலருக்கு மேல் போகிறது. அதே உருவத்தில் எபிபோன் ஏறக்குறைய அதில் கால்வாசி. மிச்சக் காசை அம்பிளிபயருக்குப் போடலாமா? சொல்லுங்கள் அண்ணாமாரே.

ஆறுகம்பி: தருகிறேன் என்று நிற்பவரிடம் குறைத்துக் கேட்பானேன்? அமெரிக்காவின் நாஷ்வில் பட்டறையில் செய்த கிப்சன் இருபது வருடம் கழித்தும் விலை போகும். எபிபோன் கடை வாசலைத் தாண்டிய அன்றே பழைய சாமான்.

இரணைமடு: விலை போகும் அண்ணா, யாரிடம்? பரந்தன் சந்தியில் நின்று கூவி விற்பானா? கிப்சனின் மேல்பூச்சு நைட்ரோசெல்லுலோஸ். மெல்லியது, வெப்பத்துக்கும் வியர்வைக்கும் இளகும். ரப்பர் தாங்கியில் சாய்த்து வைத்தால் தடம் விழும். எல்லாவற்றையும் விட மோசம் நுளம்புக் களிம்பு. அதில் இருக்கும் டீட் அந்தப் பூச்சைக் கரைத்துவிடும். திருவிழா இரவில் கையில் களிம்பு பூசாமல் மேடையேறுகிற ஒருவனைக் காட்டுங்கள் பார்ப்போம். எபிபோனில் இருப்பது தடித்த பொலியூரித்தேன் பூச்சு, அது இவற்றை இதைவிட நன்றாகத் தாங்கும்.

ஆறுகம்பி: கையைக் கழுவிவிட்டு வாசிக்கச் சொல்லுங்கள். நீங்கள் கழுத்தோரத்தைத் தடவிப் பார்த்திருக்கிறீர்களா? பழைய கிப்சன்களில் ஓரப்பட்டி ஒவ்வொரு பிரெட்டின், அதாவது கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கம்பியின், நுனியையும் சிறு மொட்டுப் போல மூடியிருக்கும். எபிபோனில் பிரெட் பட்டிக்கு மேலாகவே ஓடும். சோளகக் காற்று மாதக்கணக்கில் அடித்து மரம் காய்ந்து சுருங்கும்போது உலோக நுனி வெளியே நீட்டிக்கொண்டு விரலைக் கீறும். அரம் பிடிக்கத் தெரிந்த ஆள் கிளிநொச்சியில் எங்கே?

நெடுங்கேணி: பீட்டில்ஸ் ஜோன் லெனன் வாசித்ததே எபிபோன் கேசினோதான். அவருக்குக் கீறவில்லையாம்!

ஆறுகம்பி: வரலாற்றைப் பாதியில் விடாதீர்கள். 1957இல் கிப்சன் எபிபோனை வாங்கியது. லெனன் காலத்துக் கேசினோ கிப்சனின் கலாமசூ ஆலையில், கிப்சன் தொழிலாளர் கையால் செய்யப்பட்டது. இன்றைய எபிபோன் பெரும்பாலும் சீனத்து சிங்டாவ் ஆலையில் இருந்து வருகிறது. பெயர் ஒன்று, பிறந்த இடம் வேறு.

இரணைமடு: அந்த இடத்தில் அண்ணா சொல்வது சரி, லெனனை விட்டுவிடுவோம். ஆனால் தந்தி நீளம் இரண்டிலும் 24.75 அங்குலம், உடல் இரண்டிலும் மஹோகனி. சில எபிபோன்களில் விரற்பலகை ஈட்டிக்குப் பதிலாகக் கருமருது. கண்ணை மூடிக்கொண்டு அதைக் காதால் கண்டுபிடித்தால் அண்ணாவுக்கு நானே ஒரு கிப்சன் வாங்கித் தருகிறேன். கிப்சனின் தலைப்பகுதி 17 பாகை பின்சாய்ந்தது. சாய்வு தொடங்கும் இடத்திலேயே கழுத்தை நேராகப் பிடிக்கும் உள்கம்பிக்காக மரத்தைக் குடைந்திருப்பார்கள். லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரப் பெட்டியில் ஸ்பீக்கரோடு கிடந்து ஒட்டுசுட்டான் உள்வீதிக் குழிகளில் ஏறி இறங்கினால் எது முதலில் முறியும்?

ஆறுகம்பி: கிப்சனோடு கடினப் பெட்டி சேர்ந்தே வரும். எபிபோனுக்குப் பெரும்பாலும் தனியாக வாங்க வேண்டும். கால்வாசிக் கணக்கில் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

வவுனியா வயர்மன்: இரண்டு பேரும் மரத்தைப் பிடித்துத் தொங்குகிறீர்கள். தம்பி, நீ வாசிக்கிற மண்டபங்களில் எர்த் இருக்கிறதா? இரண்டு கிற்றாரிலும் தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப் ஹம்பக்கர் வகைதான். இரண்டு சுருளை எதிரெதிராக இணைத்து, வெளியில் இருந்து வரும் இரைச்சலைத் தின்றுவிடும். எர்த் இல்லாத இணைப்பின் உறுமலை எந்தப் பிக்கப்பும் தின்னாது. அதைவிடப் பெரிய ஆபத்து, கை தந்தியில் இருக்கும்போது உதடு மைக்கில் பட்டால் தூக்கி எறியும். மேடைக்கு இழுக்கிற வயரில் மின் ஒழுகினால் தானாக அறுக்கும் ட்ரிப் சுவிட்ச் ஒன்று போடு. ஜெனரேட்டருக்கும் எர்த் கம்பி அடி. அம்பிளிபயரை அங்கிருந்து அனுப்பச் சொல்லாதே. கனடாவில் 120 வோல்ட், இங்கே 230. செருகிய மறுகணம் புகைதான்.

பரந்தன் தம்பி: போன கிழமை வாசித்த மண்டபத்தில் இரண்டு முள் பிளக்குத்தான் இருந்தது அண்ணா, எர்த் முள் இல்லை. பெரியப்பாவிடம் எபிபோனும் கடினப் பெட்டியும் கேட்டுவிட்டேன். அம்பிளிபயரை வவுனியாவில் பார்க்கிறேன்.

ஆறுகம்பி: கேட்டுக் கெடுத்தாய். சரி, அனுப்பும் முன் கடையில் பிரெட் நுனிகளைத் தடவிப் பார்க்கச் சொல். வந்ததும் மூன்றாம் தந்தி சுருதி விலகும். அது கழுத்தின் மேல்நுனியில் தந்திகளைத் தாங்கும் நட்டின் பள்ளத்தில் சிக்குவதால் வருவது, கிப்சனுக்கும் உள்ள வியாதிதான். தந்தியைத் தளர்த்திப் பள்ளத்தில் பென்சில் கரியைத் தேய். கொழும்புக்குத் தூக்கிக்கொண்டு ஓடாதே.

இரணைமடு: கிப்சனுக்கும் வியாதி உண்டென்று அண்ணா வாயாலேயே வந்துவிட்டது.

ஆறுகம்பி: போடா.