லொறிக்குள் தேத்தண்ணி: கேத்தலைச் செருகினால் பியூஸ் போகிறது, உதவுங்கள்

மரக்கறி லொறி:
இரவில் திருகோணமலையிலிருந்து தம்புள்ளைக்கு மரக்கறி ஏற்றப் போய்வருகிறேன். ஹபரணைப் பக்கம் யானைப் பயம். தேத்தண்ணிக்காக ஓரங்கட்டி இறங்க மனம் வராது. இங்கிலாந்து டாங்கிகளுக்குள் சுடுதண்ணிப் பெட்டி இருப்பதை வீடியோவில் பார்த்துவிட்டு, நானும் சிகரெட் லைட்டரில் செருகும் கேத்தல் வாங்கினேன். 12 வோல்ட், 150 வாட். செருகி ஒரு நிமிஷம் ஆகவில்லை, 15 அம்பியர் பியூஸ் போய்விட்டது. இதுவரை மூன்று போய்விட்டன. 150ஐ 12ஆல் பிரித்தால் பன்னிரண்டரை அம்பியர்தானே? பிறகு ஏன்? 20 அம்பியர் போட்டுப் பார்க்கவா?

சீனக்குடா மெக்கானிக்:
20 போடாதீர்கள் அண்ணே, பியூஸுக்குப் பதிலாக வயர் எரியும். லொறி என்ன அளவு? பற்றரி எத்தனை?

மரக்கறி லொறி:
பதினாலரை அடி. பற்றரி இரண்டு.

சீனக்குடா மெக்கானிக்:
அதுதான் விஷயம். இரண்டும் தொடராக இருந்தால் உங்கள் வண்டி 24 வோல்ட். 12 வோல்ட் கேத்தலுக்கு 24 கொடுத்தால் அம்பியர் இரட்டிக்கும், சூடு நாலு மடங்கு: 25 அம்பியர், 600 வாட். உங்களைக் காப்பாற்றியதே அந்த பியூஸ்தான்.

பாலையூற்றான்:
ஒரு பற்றரியில் மட்டும் வயர் எடுத்தால் 12 வருமே?

சீனக்குடா மெக்கானிக்:
வரும் தம்பி. அந்தப் பற்றரி இறங்கிக்கொண்டே போகும், மற்றது அளவுக்கு மீறிச் சார்ஜ் ஆகும். சில மாதத்தில் இரண்டும் குப்பை. 24 வோல்ட் கேத்தலே வாங்குங்கள். பற்றரியிலிருந்து தனித் தடித்த வயர், பற்றரிக்குப் பக்கத்திலேயே தனி பியூஸ். எஞ்சின் ஓடும்போது மட்டும் போடுங்கள்.

உப்புவெளி வாசகன்:
டாங்கியிலும் 24 வோல்ட்தான். இரண்டாம் உலகப் போரில் வட ஆபிரிக்காவில் இருந்த இங்கிலாந்துப் படையினர் வெட்டிய தகரத்தில் மண்ணும் பெற்றோலும் ஊற்றிக் கொளுத்தி, வெளியில்தான் தேத்தண்ணி போட்டார்கள். இறங்கிய நேரத்தில் குண்டு விழுந்தால் கதை முடிந்தது. 1945இல் வந்த செஞ்சூரியன் டாங்கியிலிருந்து கொதிகலம் உள்ளேயே வந்தது. இன்றைய சலஞ்சர் 2 வரை இருக்கிறது. அடைத்த சாப்பாட்டுப் பொட்டலத்தையும் அதே தண்ணியில் போட்டுச் சூடாக்குவார்கள். உங்களுக்கு யானை, அவர்களுக்குக் குண்டு. ஒன்று கவனியுங்கள்: அவர்களுடையது வண்டியோடு பொருத்தி, மூடியை இறுக்கியது. உங்களுடையதையும் சும்மா சீட்டில் வைக்காதீர்கள். ஒரு பள்ளம் போதும், தொடை வெந்துவிடும்.

பாலையூற்றான்:
இவ்வளவு பாடு எதற்கு? வீட்டில் பிளாஸ்க்கை நிரப்பிக்கொண்டு போங்கள்.

மரக்கறி லொறி:
பிளாஸ்க் போகும்போது சரி தம்பி. விடியப்புறம் திரும்பும்போதுதான் தூக்கம் கண்ணைக் கட்டும், அதற்குள் அது ஆறின கஷாயம்.

மரக்கறி லொறி (பத்து நாள் கழித்து):
24 வோல்ட், 250 வாட் கேத்தல் வாங்கித் தனி வயர் போட்டாயிற்று. சீட்டுக்குப் பின்னால் தகரச் சட்டம் அடித்து, பழைய ரியூப் றப்பரால் மூடியோடு கட்டியிருக்கிறேன். தம்புள்ளையில் எஞ்சினை ஓடவிட்டுப் போட்டால் அரை லீற்றர் கொதிக்கக் கால் மணி நேரம். இஞ்சி தட்டிப்போட்ட பிளேன்டீ, பியூஸ் அசையவில்லை. பழைய கேத்தலின் கம்பி இன்னும் எரியவில்லை. 12 வோல்ட் பட்டா (சின்ன லொறி) வைத்திருப்பவர் யாருக்காவது வேண்டுமென்றால் சும்மாவே தருகிறேன்.