‘ஈ’ என்று முடிகிற ஆங்கிலச் சொல்லிடம் ஏமாந்தவர்கள் எழுதுங்கள்

லயத்துப் பையன்:
மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் அப்பா 31 ஆண்டு பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர்ப் பால் எடுத்தவர். லயத்தை, அதாவது தோட்டத்து வரிசை வீட்டை, காலி செய்யும் நிலை வந்தபோது டவுன் ஓரத்தில் மலிவு விலை வீடு ஒன்றுக்குக் கடன் போட்டோம். இடைநிலைப் பள்ளியில் ஐந்தாம் படிவம் படித்துக்கொண்டிருந்த நான்தான் மொழிபெயர்ப்பாளன்.

அப்பாவுக்குத் தெரிந்த ஆங்கில இலக்கணம் முழுவதும் சம்பளச் சீட்டில் இருந்து வந்தது. ஈபிஎஃப் என்ற சேமநிதிப் பிடித்தத்தில் எம்ப்ளாயர் பங்கு தோட்டத்துடையது, எம்ப்ளாயி பங்கு 11 விழுக்காடு இவருடையது. “அர்னு முடிஞ்சா தொர, ஈனு முடிஞ்சா நாம” என்பார். டிரெய்னர், டிரெய்னி என்று எதைச் சொன்னாலும் அந்தக் கணக்கு ஒத்துத்தான் வந்தது.

வக்கீல் ஆபீஸில் பத்திரத்தை விரித்தார்கள். ஒரு கட்டத்தில் சார்ஜர், இன்னொன்றில் சார்ஜி. அப்பா யோசிக்கவே இல்லை. சார்ஜிக்கு நேராகக் கையெழுத்தைப் போட்டுவிட்டார். அங்கிருந்த பெண், “அங்கிள், அது பேங்க் போட வேண்டிய எடம். நீங்க சார்ஜர்” என்றார். “நான் என்ன போனுக்குக் கரண்ட் ஏத்துறவனா?” என்று அப்பா கேட்டதில் ஆபீஸே சிரித்தது. அந்தப் பக்கத்தை மறுபடி அச்சடித்தார்கள்.

எனக்கே பிறகுதான் விளங்கியது. 1965 தேசிய நிலச் சட்டத்தில் சார்ஜ் என்பது நிலத்தின் மேல் வைக்கும் பிணை. பிணையைக் கொடுப்பவர் அப்பா, வாங்கிக்கொள்வது பேங்க். பணம் வந்த வழியைப் பார்த்தால் தலைகீழாகத் தெரியும். பிணை போன வழியைப் பார்க்க வேண்டும். அடமானத்தில் மார்ட்கேஜி என்றாலும் கடன் கொடுத்தவர்தான். லெஸ்ஸி என்றால் குத்தகைக்கு எடுத்தவர், பேயி என்றால் காசோலைப் பணம் யாருக்கோ அவர்.

செம்பனைக்காட்டுக்காரி:
காப்புறுதி (இன்சூரன்ஸ்) பாரத்தில், அதாவது விண்ணப்பத் தாளில், நாமினி என்ற இடத்தில் என் பெயரையே எழுதிக் கொடுத்தேன். “செத்தப்புறம் நீங்களே வந்து வாங்கிக்குவீங்களாக்கா?” என்றான் ஏஜென்ட் தம்பி. மகள் பெயரை மாற்றி எழுதினேன். இதற்கு மேல் சொல்ல வெட்கம்.

பழைய வாத்தியார்:
இந்த ‘ஈ’ நார்மானியர் காலத்துக்குப் பின் பிரெஞ்சு வழியாக இங்கிலாந்தின் கோர்ட்டுக்குள் வந்தது. செயல் யார் மேல் வந்து சேர்கிறதோ அவரைக் குறித்தது. ஒரு பொறுப்பு ஒப்படைக்கப்பட்ட தனி ஆள்தான் முதலில் கமிட்டி, கூட்டமானது அப்புறம். ஆனால் முழுக்க நம்பிவிடாதீர்கள். எஸ்கேப்பி தானே தப்பியவர், ஆப்சென்டி தானே வராதவர். காப்பி, டாஃபிக்கெல்லாம் இந்தக் கதையே கிடையாது.

தம்பி, உங்கள் அப்பா சொன்னது ஆங்கிலத்துக்குத்தான் பொருந்தவில்லை. ஈ, தா, கொடு மூன்றையும் பிரித்துச் சொல்லும் தொல்காப்பியம், ‘ஈ’ என்று கேட்பவன் தாழ்ந்த நிலையில் இருப்பவன் என்கிறது. ‘தா’ சமமானவர் பேச்சு, ‘கொடு’ உயர்ந்தவர் பேச்சு. அவர் காது தமிழ்க் காது.

லயத்துப் பையன்:
நன்றி சார், அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். கடன் அடுத்த ஆண்டு முடிகிறது. பிணையை நீக்கும் பாரத்தில் கையெழுத்துப் போட வேண்டியது சார்ஜி, அதாவது பேங்க் என்றேன். “இந்தத் தடவ அவன் சரியான எடத்துல போடுறானான்னு நான் பாக்குறேன்” என்கிறார்.