யுபிஎஸ் இருந்தும் கணினி அணைகிறது: இன்வெர்ட்டரிலிருந்து இணைப்புக் கொடுக்கலாமா?

கருங்கல் அச்சகத்தார் கேட்டது:
வீட்டின் கீழ்த்தளத்தில் இரண்டு கணினிகளை வைத்துச் சிறிய தட்டச்சு, வடிவமைப்பு நிலையம் நடத்தி வருகிறேன். இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டால் ரப்பர் மரக்கிளை கம்பியில் சாய்வதும், மின்சாரம் போவதும், இரண்டு நொடியில் திரும்பி வந்து மறுபடி போவதும் எங்கள் பகுதியில் வாடிக்கை. மின்சாரம் போனதும் கணினியைத் தன் பேட்டரியில் ஓட்டும் பெட்டிதான் யுபிஎஸ்; நான்கு ஆண்டுகளுக்கு முன் வாங்கிய 600 விஏ (வோல்ட்-ஆம்பியர்) யுபிஎஸ் முதலில் பத்து நிமிடத்திற்கு மேல் தாங்கியது. இப்போது ஒருமுறை கீச்சிட்டுவிட்டு உடனே அணைந்துவிடுகிறது. சென்ற வாரம் பங்குத் திருவிழா நோட்டீஸ் ஒன்றைச் சேமித்துக்கொண்டிருந்த நொடியில் அப்படி அணைந்ததால், அந்தக் கோப்பை இப்போது திறக்கவே முடியவில்லை. மாடியில் 150 ஏஹெச் (ஆம்பியர்-அவர், அதாவது கொள்ளளவு) பேட்டரியுடன் இன்வெர்ட்டர் இருக்கிறது; யுபிஎஸ்ஸை எடுத்துவிட்டு அதிலிருந்தே ஒரு வயர் இழுத்துவிடலாம் என்கிறார் எலக்ட்ரீஷியன். அது சரியா, அல்லது பெரிய யுபிஎஸ் வாங்க வேண்டுமா?

மார்த்தாண்டத்தில் பழுது பார்ப்பவர்:
புதிய பெட்டி வாங்கும் முன் பழையதைத் திறந்து பாருங்கள் ஐயா. உள்ளே இருப்பது பெரும்பாலும் 12 வோல்ட், 7 ஏஹெச் பேட்டரி ஒன்றுதான். அதன் ஆயுளே மூன்று முதல் ஐந்து ஆண்டுகள், அதுவும் 25 டிகிரி வெப்பத்தில். பத்து டிகிரி கூடினால் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பதால், மேசைக்கடியில் சுவரோடு ஒட்டி, காற்றுப் புகாமல் வைத்த பெட்டிகளே என்னிடம் அதிகம் வருகின்றன. மீட்டர் வைத்துப் பார்த்து 12.6 வோல்ட் காட்டுகிறதே என்று ஏமாறாதீர்கள். சுமை இல்லாதபோது செத்த பேட்டரியும் அப்படித்தான் காட்டும். கணினிக்குப் பதிலாக 60 வாட் குண்டு பல்பை மாட்டி, சுவர் சுவிட்சை அணைத்து, எவ்வளவு நேரம் எரிகிறது என்று பாருங்கள்.

இன்னொன்று: இத்தகைய 600 விஏ பெட்டிகள் பெரும்பாலும் 360 வாட்தான் தாங்கும். லேசர் பிரிண்டரையும் அதிலேயே மாட்டியிருக்கிறீர்களா?

கருங்கல் அச்சகத்தார்:
ஆம், பிரிண்டரும் அதில்தான் இருக்கிறது. பெட்டியைத் திறந்தேன். பேட்டரியின் இரு பக்கமும் உப்பி உள்ளேயே இறுகிவிட்டது. கவிழ்த்துத் தட்டித்தான் வெளியே எடுக்க முடிந்தது. முனையில் வெள்ளைப் பொடி பூத்திருக்கிறது.

மார்த்தாண்டத்தில் பழுது பார்ப்பவர்:
அந்தப் பொடியை வெறுங்கையால் தொடாதீர்கள். லேசர் பிரிண்டர் தாளைச் சூடாக்கும் நேரத்தில் பல நூறு வாட் இழுக்கும். அதை நேராகச் சுவர் பிளக்கில் மாட்டுங்கள்.

குளச்சல் வாசகர்:
இன்வெர்ட்டரை அடியோடு விலக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து, ஆனால் யுபிஎஸ்ஸை எடுத்துவிடவும் கூடாது. மின்சாரம் நின்றதும் பேட்டரிக்கு மாற, யுபிஎஸ் பத்து மில்லி நொடிக்குள்தான் எடுத்துக்கொள்ளும். கணினியின் பவர் சப்ளை பதினாறு மில்லி நொடியளவு தன் கையிருப்பில் ஓட்டிவிடும் என்பதால் நமக்கு எதுவும் தெரிவதில்லை. விளக்குக்கும் விசிறிக்கும் அமைத்த வீட்டு இன்வெர்ட்டர் சாதாரண நிலையில் அதைவிட மெதுவாக மாறும். பல இன்வெர்ட்டர்களில் யுபிஎஸ் நிலைக்கு மாற்றும் சுவிட்ச் இருக்கும். அதைப் போட்டுவிட்டு, இன்வெர்ட்டர், அதன்பின் யுபிஎஸ், அதன்பின் கணினி என்று வரிசையாகக் கொடுத்தால் நீண்ட நேரம் வேலை செய்யலாம். இன்வெர்ட்டர், சுவர் மின்சாரத்தைப் போலச் சீரான அலை தரும் சைன் வேவ் வகையாக இருக்க வேண்டும். சதுர அலை வகை என்றால், அந்த மின்சாரத்தை ஏற்காமல் யுபிஎஸ் தன் பேட்டரியிலேயே ஓடித் தீர்ந்துவிடக்கூடும். என் வீட்டில் அப்படித்தான் ஆனது.

2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் அடித்தபோது நாள்கணக்கில் மின்சாரம் இல்லாமல் இருந்தோமே, அதற்கெல்லாம் இவை இரண்டும் போதாது. யுபிஎஸ் என்பது கோப்பைச் சேமித்து ஒழுங்காக அணைப்பதற்கான அவகாசம் மட்டுமே. உங்கள் பெட்டியில் யுஎஸ்பி துளை இருந்தால் கணினியோடு இணைத்துவிடுங்கள். பேட்டரி குறையும்போது கணினி தானாக அணைய அமைக்கலாம்.

தக்கலை எலக்ட்ரீஷியன்:
மரம் விழுந்து நியூட்ரல் (மின்சாரம் திரும்பிச் செல்லும்) கம்பி மட்டும் அறுந்தால், வீட்டுக்குள் 230 வோல்ட்டுக்குப் பதில் 400 வோல்ட் வரைகூட ஏறிவிடலாம். இடி நேராக இறங்கினாலும் எந்தச் சிறிய யுபிஎஸ்ஸும் தடுக்காது. ஆகவே இடி கேட்டதும் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். பலர் மறக்கும் நெட்வொர்க் கேபிளையும் சேர்த்து. எர்த் சரியாக இருக்கிறதா என்றும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். சில பழைய வீடுகளில் எர்த்துக்கான மூன்றாவது துளைக்கு வயரே போயிருக்காது.

கருங்கல் அச்சகத்தார்:
புதிய பேட்டரி போட்டாயிற்று. உப்பிய பழையதைக் கடையில் வாங்கிக்கொண்டு விலையில் கழித்துக் கொடுத்தார்கள். பிரிண்டர் இப்போது சுவரில் இருக்கிறது. மெயினை அணைத்துப் பார்த்தேன், இரண்டு கணினிகளும் பதினோரு நிமிடம் ஓடின. மாடி இன்வெர்ட்டர் சதுர அலை வகை என்று அதன் அட்டையில் போட்டிருப்பதால் அதைத் தொடவில்லை. மூன்றாவது துளையைச் சோதிக்க எலக்ட்ரீஷியன் சனிக்கிழமை வருகிறார்.