மல்டிமீட்டர் வயரை மாற்றிப் பிடித்தால் அளவு ஏன் குறைகிறது?

வணக்கம் அண்ணன்மாரே. கோலாலம்பூர் ஜாலான் பாசாரில் வாங்கிய மலிவு விலை டிஜிட்டல் மல்டிமீட்டர். டிசி 20 வோல்ட்டில் வைத்து, கழற்றி வைத்திருக்கும் காடி (கார்) பேட்டரியை அளந்தேன். சிவப்பு வயர் பிளஸ்ஸில் இருந்தால் 12.64. மாற்றிப் பிடித்தால் -12.58. மைனஸ் வருவது சரி, அது திசையைத்தானே சொல்கிறது. எண் ஏன் 0.06 குறைகிறது? திரும்ப நேராகப் பிடித்தால் மறுபடி அதே 12.64, ஆகவே பேட்டரி இறங்கவில்லை.

மீட்டர் வயர்களின் இரண்டு முனையையும் ஒன்றோடொன்று ஒட்டிப் பிடித்தால் 0.00தான். பேட்டரி முனைகளையும் பளபளவென்று சுரண்டியாயிற்று. மீட்டரின் உள்தடை மெகா ஓம் கணக்கில் இருக்கும்போது லேசான துரு இவ்வளவு இழுக்காது என்றே நினைக்கிறேன்.

உள்ளே இருக்கும் ஏடிசி சிப் (வோல்ட்டை எண்ணாக மாற்றுவது), பிளஸ்ஸையும் மைனஸையும் ஒரே மாதிரி அளக்காத கோளாறா இது? எவ்வளவு வித்தியாசம் வரை பொறுத்துக்கொள்ளலாம்? செந்தூல் பக்கம் யாரிடமாவது நல்ல மீட்டர் இருந்தால் சொல்லுங்கள், பேட்டரியைத் தூக்கிக்கொண்டு வருகிறேன்.